முத்திரை யாருடையது, முயற்சி யாருடையது? வேற்றரசர் கோயில் கொடையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சான்றும்

வேற்று மொழி பேசுகிற, படையோடு வந்து நாட்டைப் பிடித்த ஓர் அரசன், தான் வென்ற ஊரின் தெய்வத்துக்கு ஏன் கோயில் எடுத்துத் தருகிறான்? கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீகப் பேரரசர் சைரஸ், அங்கே சிறையிருந்த யூதர்கள் ஊர் திரும்பி எருசலேம் ஆலயத்தை மறுபடி கட்டிக்கொள்ள ஆணையிட்டார் என்கிறது எஸ்றா நூல். தமிழ் விவிலியம் அவரைக் கோரேசு என்று அழைக்கிறது. தமிழகத்தில் இதே கேள்வி விஜயநகர, நாயக்க அரசர்களைச் சுற்றி எழுகிறது. கன்னடமும் தெலுங்கும் பேசிய அவர்கள் ஸ்ரீரங்கத்திலும் மதுரையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏன் திருப்பணி செய்தார்கள் என்பதற்குப் பக்தி, அரசியல், பொருளாதாரம் என்று நூறாண்டுக்கும் மேலாக விடைகள் குவிந்திருக்கின்றன. இந்த விடைகளை எடைபோட ஸ்ரீவில்லிபுத்தூர் வாகான ஊர். பேரரசரே இயற்றிய ஒரு காவியத்தின் களம் இது. நாயக்கர் காலக் கட்டுமானம் கண்முன் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அரசக் கொடை என்று நாம் சொல்வதில் அரசனுடையது பெரும்பாலும் முத்திரை மட்டும்தான் என்றும், கேட்டவர்களும் சுமந்தவர்களும் உள்ளூர்க்காரர்கள் என்றும் கருத இடமிருக்கிறது.

பாரசீக வழக்கும் அதன் விரிசலும்

1879-இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலோனின் இடிபாடுகளிலிருந்து எடுத்த களிமண் உருளைதான் சைரஸைப் பற்றிய விவாதத்தின் அச்சாணி. மர்துக் தெய்வம் சைரஸைத் தேர்ந்தெடுத்தது, சைரஸ் இடம்பெயர்ந்த தெய்வங்களை அவரவர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினார் என்று அது பேசுகிறது. எஸ்றா நூலுக்கு வெளியிலிருந்து கிடைத்த சாட்சி என்று பலர் இதை வரவேற்றார்கள். எஸ்றா முதல் அதிகாரத்திலும் ஆறாம் அதிகாரத்திலும் ஆணை இரு வேறு வடிவில் வருவது பழைய சிக்கல். முன்னது வாய்மொழியாக முழங்கிய அறிவிப்பு, பின்னது அலுவலகக் குறிப்பு, இரண்டும் மெய்யே என்று 1946-இல் எலியாஸ் பிக்கர்மன் வாதிட்டார். 1983-இல் அமெலி கூர்ட் இந்த நம்பிக்கையை அசைத்தார். உருளை பாபிலோனியக் கட்டடக் கல்வெட்டு மரபில் எழுதப்பட்டது. அசீரிய அரசரும் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். அதில் யூதேயாவோ எருசலேமோ பெயரளவில்கூட இல்லை என்பது அவர் வாதம். சைரஸை மனித உரிமையின் தந்தை ஆக்கிய இருபதாம் நூற்றாண்டுப் பேச்சுக்கு உருளையில் ஆதாரம் இல்லை என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இதைவிடப் பயனுள்ள திருப்பம் 1984-இல் பீட்டர் ஃபிரை முன்வைத்த கருத்து. உள்ளூர்ச் சமூகம் தனக்கு வேண்டிய விதியைத் தானே வகுத்து மேலே அனுப்பும்; பேரரசு அதற்கு ஒப்புதல் தரும்; அந்த ஒப்புதலால் உள்ளூர் விதி அரச ஆணையாகிவிடும் என்றார் அவர். பேரரசு முழுவதற்கும் இப்படியொரு திட்டமிட்ட கொள்கை இருந்தது என்று காட்டச் சான்று போதாது என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் கோரிக்கை கீழிருந்து மேலே போகும் திசையை எகிப்திலிருந்து வரும் ஒரு சான்று உறுதிசெய்கிறது. நைல் நதியின் எலிஃபன்டைன் தீவில் குடியிருந்த யூதப் படைவீரர்களின் கோயில் கி.மு. 410-இல் இடிக்கப்பட்டது. க்னூம் தெய்வத்தின் பூசகர்களும் பாரசீக அதிகாரியும் சேர்ந்து இடித்தார்கள் என்று முறையிட்டு, கி.மு. 407-இல் அவர்கள் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய மனு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. எகிப்துக்கு வந்த காம்பைசிஸ் இந்தக் கோயிலைத் தொடவில்லை என்ற முன்னுதாரணத்தை நினைவூட்டுகிறார்கள். அனுமதி தந்தால் உங்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்கிறார்கள். கிடைத்த அனுமதியில் தானியப் படையலும் தூபமும் உண்டு. மிருக பலி பற்றிப் பேச்சில்லை. பேரம் பேசிப் பெற்ற ஒப்புதல் இது. மனுவின் நகலே கைக்கு வந்திருப்பதால், வெற்றிக்குப் பிறகு புனைந்த கதை என்று இதை ஒதுக்க முடியாது.

தர்மத்தைக் காத்தவர்கள் என்ற விடை

தென்னாட்டில் முதலில் வலுப்பெற்ற விடை, விஜயநகரம் இந்து தர்மத்தின் அரண் என்பது. 1900-இல் ராபர்ட் சீவெல் இதற்கு அடிகோலினார். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் 1921-ஆம் ஆண்டு நூல் வழியாகவும், கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1955-ஆம் ஆண்டுத் தென்னிந்திய வரலாறு வழியாகவும் அது பாடப்புத்தகம்வரை இறங்கியது. இதற்கான சான்றுகள் அற்பமானவை அல்ல. 1323-இல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் அரங்கனின் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். மூர்த்தி பாண்டிநாடு, மலையாளம், மேல்கோட்டை என்று அலைந்து திருமலையில் தங்கியது. விஜயநகரத்தின் செஞ்சி அதிகாரி கோபணாரியர் அதைத் திரும்பக் கொண்டுவந்து சக ஆண்டு 1293-இல், அதாவது 1371-இல், பிரதிஷ்டை செய்ததை ஸ்ரீரங்கத்தின் வடமொழிக் கல்வெட்டுச் சுலோகங்கள் சொல்கின்றன. பாபிலோனியர் அள்ளிப்போன ஆலயப் பாத்திரங்களைச் சைரஸ் எண்ணித் திருப்பித் தந்ததாக எஸ்றா சொல்லும் கதைக்கு, தமிழ் மண்ணில் இதைவிட நெருங்கிய இணை கிடையாது.

இருந்தும் இந்த விடை சில இடங்களில் கசிகிறது. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் வெற்றியைப் பாட அவர் மனைவி கங்காதேவி இயற்றிய மதுரா விஜயத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரை சுல்தானை எதிர்ப்பதற்கு முன்னால் கம்பணர் தொண்டை மண்டலத்துச் சம்புவராயரை வீழ்த்துகிறார். சம்புவராயர் கோயில்களை இடித்தவர் அல்லர். கோயிலுக்குக் கொடுத்தவர்களின் குலம். ஆக, படை கிளம்பியது மண்ணுக்கு. மதுரை வெற்றிக்குத் தர்ம விளக்கம் சேர்ந்துகொண்டது. கோயிலை இடிப்பது அந்தக் கோயிலைச் சார்ந்த அரசனின் இறையாண்மையை இடிப்பது என்று ரிச்சர்ட் ஈட்டன் காட்டியிருக்கிறார். அதன் மறுபக்கமாக, மூர்த்தியைத் திரும்ப வைப்பது அந்த மண்ணின் மேல் உரிமை கோருவதாகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூர்த்தியை நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்தது எந்த அரசும் அல்ல. சுமந்தவர்கள், ஒளித்தவர்கள், திருமலையில் பூசை நடத்தியவர்கள் எல்லோரும் வைணவ அடியார்கள். கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்த அதிகாரியின் பெயர்தான் கல்லில் ஏறியது.

நீர்ப்பாசனமும் முதல் மரியாதையும்

1960-இல் பர்ட்டன் ஸ்டெயின் திருப்பதிக் கல்வெட்டுகளைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு வாசித்தார். கோயிலுக்குத் தந்த பணம் ஏரி, கால்வாய் வெட்டுவதில் முதலீடாகி, விளைச்சலின் ஒரு பங்கு படையலாகவும் பிரசாதமாகவும் திரும்பியது என்பது அவர் கண்டது. அர்ஜுன் அப்பாதுரை இதை அரசியலுக்கு நீட்டினார். அரசனுக்கும் கோயிலுக்கும் நடுவே சம்பிரதாயத் தலைவர்கள் இருந்தார்கள். அரசன் அவர்கள் கையில் வளத்தைக் கொடுத்தான். பதிலுக்குப் பரிவட்டமும் தீர்த்தமும் பிரசாதப் பங்கும் பெற்றான். புதிதாகப் பிடித்த நாட்டில் அந்த மரியாதைதான் அவனுக்கு வேர் என்பது அவர் வாதத்தின் சாரம். திருப்பதியில் சாளுவ நரசிம்மர் காலத்துக் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் இதற்கு அவர் தரும் முதன்மைச் சான்று. அரசரின் அறச்சாலையை நடத்தியவர் அவர். அரசரின் பெயரால் கோயிலுக்குள் புது ஏற்பாடுகளைக் கொண்டுவந்தவரும் அவர். யார் யாரைப் பயன்படுத்தினார் என்று அந்தக் கல்வெட்டுகளைப் படிக்கையில் சட்டென்று சொல்லிவிட முடியவில்லை.

இந்த விளக்கத்தின் குறை அதன் வெற்றியிலேயே இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் கல்வெட்டுள்ள திருப்பதியில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கல்வெட்டு குறைந்த கோயிலில் இடையாளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, எல்லாவற்றையும் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்துவிட்டால், ஒரு பேரரசன் அரியணையில் இருந்துகொண்டே காவியம் எழுத உட்கார்ந்ததற்கு விளக்கம் கிடைக்காது. நாயக்கர் காலத்துக்கு வேறு சூத்திரம் வேண்டும் என்று வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992-இல் எழுதினார்கள். க்ஷத்திரியப் பட்டம் கொண்டாடாத நாயக்கர்கள் போகத்தையும் பொன்னையும் அரசின் இலக்கணமாக்கி, தம்மையே தெய்வத்துக்கு அருகில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது அவர்கள் கருத்து. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க அரசர்கள் கூப்பிய கையோடும் இடைக் குத்துவாளோடும் சற்றே முன்தள்ளிய வயிற்றோடும் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது. பக்தனாகவும் நிற்கிறார்கள், பார்க்கப்படவும் நிற்கிறார்கள்.

எழுதிய அரசரும் கட்டிய அரசரும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியின் கோபுரம் பதினொரு நிலை, ஏறத்தாழ 192 அடி. பாண்டியன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பியது என்பது தலமரபு. இத்தனை நிலையும் உயரமும் கொண்ட கோபுரங்கள் தமிழகத்தில் பெரிதும் விஜயநகர, நாயக்கர் காலத்துக்கே உரியவை என்பதால் கலை வரலாற்றாளர்கள் இந்த மரபை அப்படியே ஏற்பதில்லை. 1949-இல் உருவான மாநில இலச்சினையில் இருப்பது இந்தக் கோபுரமா, மதுரை மேலைக் கோபுரமா என்ற சண்டை தனி. அந்த ஆண்டில்தான் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணப் பிரதமரானார் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம், அது சான்றாகாது. ஆனால் ஒன்று தெளிவு: கோபுரத்தை எழுப்பியவர் பெயராக ஊர் நினைவு வைத்திருப்பது அரசன் பெயரை அல்ல, ஊரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஓர் ஆழ்வாரின் பெயரை. பாண்டியன் அந்தக் கதையில் பணம் தருகிறவன் மட்டும்.

1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் இந்த ஊரைக் களமாக வைத்துத் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவை இயற்றினார். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு கனவில் வந்து பணித்ததாக நூலே சொல்கிறது. காவியத்தின் ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடைமழை நாளில் விறகு நனைந்துபோக, விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் வீட்டில் தேங்காய்ச் சிரட்டையை எரித்துச் சமைத்து, வந்த வைணவருக்கு அரிசிச் சோறும் உமி நீக்கிய பருப்பும் நாலைந்து பொரியலும் பரிமாறுகிறார்கள். பேரரசர் ஒருவர் தொலைதூரச் சிற்றூரின் அடுப்படியை இவ்வளவு நெருக்கமாகப் பார்ப்பது வெறும் அரசியல் கணக்கில் அடங்காது. அதே நூலில் அரசன் கோட்டையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், துறைமுகங்களை எப்படி வளர்க்க வேண்டும் என்ற ராஜநீதியும் விரிவாக வருகிறது. பக்தியா அரசியலா என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு இந்தக் காவியம் பிடிகொடுப்பதில்லை.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்று கண்ணில் படும் திருப்பணியோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் ராயருடையது அல்ல. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருடையது. ஆண்டாள் சந்நிதி மண்டபத்தின் பேருருவத் தூண் சிற்பங்கள், நாயக்கரின் உருவச்சிலை, ஊரில் அவர் பெயரால் நிற்கும் அரண்மனை எல்லாம் இதற்குச் சான்று. ஊர் அமைந்திருக்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. மதுரையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகத் திருவிதாங்கூருக்குப் போகும் பாதையில் மலையடிவாரத்தில் இருக்கிறது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததும் வழிநெடுக மண்டபங்களில் நகரா முழங்கி, அந்த ஓசை மதுரையை எட்டிய பிறகே நாயக்கர் உணவில் கை வைப்பார் என்ற கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது ஆண்டாளுக்கு நடந்த பூசை என்பார்கள் சிலர். மடவார் வளாகம் வைத்தியநாதர் தீராத வயிற்று வலியைத் தீர்த்ததால், அந்த உச்சிகாலப் பூசைக்காகவே நாயக்கர் காத்திருந்தார் என்பார்கள் சிலர். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இதே கதை உண்டு. எனவே இதை நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்வது கடினம். கதையின் அமைப்புதான் இங்கே சான்று. வைணவக் கோயிலும் சைவக் கோயிலும் ஒரே அரசனின் பசியைத் தத்தம் பக்கம் இழுக்கின்றன. மதுரையில் உட்கார்ந்திருக்கும் அரசன் எப்போது சாப்பிடலாம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் மணி முடிவுசெய்கிறது. அரசன் கோயிலுக்கு என்ன செய்தான் என்பதைச் சொல்வதாகத் தொடங்கும் நினைவு, கோயில் அரசனை எப்படிக் கட்டிவைத்தது என்பதில் போய் நிற்கிறது.

செலவு யார் தலையில்?

அரசன் கொடுத்தான் என்கிறோம். எதிலிருந்து கொடுத்தான் என்று கேட்பது குறைவு. எஸ்றா ஆறாம் அதிகாரத்தில் தரியு அரசர் ஆலயச் செலவுக்கு ஒதுக்குவது நதிக்கு அப்பாலுள்ள மாகாணத்தின் வரிப்பணத்தை; யூதேயா உட்பட்ட அதே மாகாணம் அது. தமிழகத்துத் தேவதானமும் திருவிடையாட்டமும் இதே வகை. ஓர் ஊரின் நிலத்திலிருந்து அரசுக்கு வரவேண்டிய பங்கு கோயிலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உழுகிறவன் கொடுப்பது மாறவில்லை. வாங்கும் கை மாறுகிறது. புது அரசன் பிடித்த நாட்டில் வரி வசூலிப்பதைவிட, அந்த வரியை ஊர்த் தெய்வத்துக்கு எழுதிவைப்பது எதிர்ப்பு குறைந்த வழி என்பது எளிதில் விளங்கும். இது எப்போதும் எடுபட்டது என்றும் சொல்ல முடியாது. 1429-இல் காவிரிப் படுகையில் வலங்கை, இடங்கைச் சாதியார் ஒன்றுகூடி, அரச அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய வரியைக் கொடுக்க மாட்டோம் என்று கல்லில் வெட்டிவைத்ததை நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்திருக்கிறார்கள். திருப்பணி நடந்த நூற்றாண்டுகளும் இந்த எதிர்ப்பு நடந்த நூற்றாண்டும் ஒன்றையொன்று தொட்டவை. தர்மரட்சகர் விடையில் இந்தக் குடிகளுக்கு இடமே இல்லை. மரியாதை விளக்கத்திலும் அவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

ராஜபாளையத்துப் பக்கம்

பேரரசர்களையும் நாயக்கர்களையும் மட்டும் பார்ப்பது இன்னொரு தரப்பை மறைக்கிறது. விஜயநகர ஆட்சியோடும் அதன் பிறகும் தெலுங்கு பேசும் குடிகள் தெற்கே இறங்கி, ஆற்றுப் பாசனமில்லாத கரிசல், செவல் நிலங்களில் ஊன்றியதை டேவிட் லட்டன் 1985-இல் திருநெல்வேலிச் சீமையை வைத்து விளக்கினார். ஆற்றுப் பாசனம் உள்ள நிலங்கள் முன்பே கைமாறியிருந்தன; வந்தவர்களுக்குக் கிடைத்தது வானம் பார்த்த பூமி. விஜயநகரத் தொடர்பைத் தம் வரலாறாகச் சொல்லும் ராஜபாளையத்து ராஜுக்களும் இந்தப் பெரிய பெயர்ச்சியின் ஓர் இழை. கோட்டைப் பெயர் தாங்கிய தெருக்களும் சாவடிகளும் அந்த நினைவை வைத்திருக்கின்றன. இப்படி வந்து அமர்ந்த ஒரு குடிக்குத் தமிழில் பாடியவளும் தெலுங்குக் காவியத்தின் நாயகியுமான ஆண்டாள் பக்கத்து ஊரில் இருப்பது சின்ன விஷயமில்லை. வந்த ஊரிலும் விட்டுவந்த ஊரிலும் செல்லுபடியாகும் தெய்வம் அவள். ஆண்டாளுக்குச் சூட்டிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலை போகிறது. சித்திரையில் அழகர் அவள் மாலையை அணிந்தே வைகையில் இறங்குகிறார். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. விஜயநகரம் தெற்கே பரவிய பாதையும் இந்த மாலையும் பட்டும் போகும் பாதையும் பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அரசு போன பிறகும் மாலை போய்க்கொண்டிருக்கிறது.

இதில் பாரசீக வழக்கோடு ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள், ஊரிலேயே இருந்தவர்கள் கட்டுமானத்தில் கைகொடுக்க வந்தபோது, ஆணை எங்களுக்குத்தான் என்று விலக்கியதாக எஸ்றா நான்காம் அதிகாரம் சொல்கிறது. வைகைக்குத் தெற்கே வந்தேறிய குடிகளுக்கு அப்படி விலக்கும் வலு இல்லை. இருந்த கோயிலுக்குள் ஒரு மண்டகப்படி, ஒரு முறை, ஒரு மரியாதை கேட்டுப் பெறுவதே அவர்களுக்கு வழி. அந்தக் கேட்புதான் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் மேசைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. 1817-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் கோயில் மேற்பார்வையைக் கையில் எடுத்த கம்பெனி, கிறித்தவச் சபையாரின் எதிர்ப்பால் பின்வாங்கியது; அதன் பின் வந்த ஆங்கில அரசாங்கம் 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு விலகியது. அரசாங்கம் விலகினாலும் வழக்குப் போட்டவர்கள் விடவில்லை. மீனாட்சிக்குப் பொன் அங்கவடி சமர்ப்பித்ததாகச் சொல்லப்படும் மதுரைக் கலெக்டர் ரவுஸ் பீட்டரும் கோயிலுக்குக் கொடுத்த வேற்று ஆட்சியாளர்களின் நீண்ட வரிசையில் ஒருவர்தான்.

மறுப்புகளும் தீராதவையும்

முயற்சி கீழிருந்து வந்தது என்ற வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு, சான்றுகளைப் பாதுகாத்தவர்கள் கோயில்காரர்கள் என்பது. எஸ்றா நூலும் ஸ்ரீரங்கத்துக் கோயிலொழுகும் பெற்றவர்களின் கையிலிருந்து வந்தவை. தம் முயற்சியைப் பெரிதாக்குவது இயல்பு. இந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் பெற்றவர்கள் பெரிதாக்க விரும்பியது வழக்கமாகத் தம் முயற்சியை அல்ல, அரசனின் கொடையை. அரசன் பெயர் சேர்ந்தால்தான் உரிமை நிலைக்கும். ஏசாயா நூல் சைரஸைக் கர்த்தரால் அபிஷேகம் பெற்றவராக உயர்த்துவதும் இந்த மனப்பாங்கே. அப்படியிருந்தும் நூல்களின் இடுக்குகளில் மனு எழுதியவரும் மூர்த்தியைச் சுமந்தவரும் தெரிகிறார்கள் என்றால், அந்தத் தடயங்களைக் கூடுதலாக நம்பலாம். எலிஃபன்டைன் மனுவும் திருப்பதிக் கல்வெட்டுகளும் சம்பவ காலத்தவை என்பதும் இதற்குத் துணை.

இரண்டாம் மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. கிருஷ்ணதேவராயரிடம் யாரும் மனுக்கொடுத்து ஆமுக்தமால்யதாவைப் பெறவில்லை. காவியத்துக்கு நிலவரி தேவையில்லை, இடையாள் தேவையில்லை. அவருடைய சபையில் மாத்வரான வியாசதீர்த்தருக்கும் ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களுக்கும் இருந்த செல்வாக்கைக் காட்டி, ஒரு சம்பிரதாயத்தின் தூண்டுதலாக இதை விளக்கலாம். அது மழைநாள் அடுப்படி வரையில் போகாது. அரசனின் சொந்த ஈடுபாடு என்ற பழைய விடைக்கு இந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்றே மதிப்பிட வேண்டும்.

மற்றவை சான்று சார்ந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 15-ஆம் நூற்றாண்டு வாணாதிராயர் காலத்திலிருந்து நாயக்கர் காலம் வரையிலான கொடைகளை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அரசன் பெயருக்கு முன்னால் எந்த உள்ளூர்ப் பெயர் வருகிறது என்று பார்த்தால், இங்கே சொல்லப்பட்ட வாதம் நிற்கிறதா சாய்கிறதா என்று தெரியும். மாலை திருமலைக்குப் போகும் வழக்கம் விஜயநகர காலத்ததா பிந்தியதா என்பது இதோடு பிணைந்தது. அது பிந்தியதென்றால் பாதைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்ற கருத்து பலவீனப்படும். நகரா மண்டபங்கள் பூசைக்காகக் கட்டப்பட்டவையா, படைப்பாதையில் செய்தி அனுப்ப எழுந்தவற்றின் மேல் பக்திக் கதை பின்னால் ஏறியதா என்பதை, அவற்றின் இடைவெளியையும் கட்டுமான காலத்தையும் அளந்தால் ஓரளவு முடிவுசெய்யலாம்.